பென்சிலில் இருந்த உயிர் மையில் எங்கே போகிறது?

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாட்டி சொன்ன ரப்பர் தோட்டத்துக் கதைகளைச் சித்திரக்கதையாக வரைகிறாராம். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது, ஊரடங்கு, பாட்டி பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போனது எல்லாம் அதில் வருகிறது. "பென்சிலில் நல்லா வருது அண்ணே, மை போட்டதும் செத்துப்போகுது" என்கிறார். கையில் இருப்பது 05 என்று எண் போட்ட மைக்ரான் பேனா ஒன்று, கணினியோடு இணைத்து வரையும், திரை இல்லாத சின்ன டேப்லெட் ஒன்று. அடுத்து வாங்க வேண்டியது ஐபேடா, மையில் தொட்டு வரையும் நிப் பேனாவா என்பது கேள்வி. இரண்டு பக்கங்களைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார்.

தம்பி, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் ஊரிலேயே சீனர் எழுதுபொருள் கடையில் ஒரு தூரிகையும் ஒரு புட்டி மையும் வாங்குங்கள். ஐபேடுக்கு வைத்திருக்கும் காசு பத்திரமாக இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் பக்கங்களில் பாட்டியின் கன்னமும், பால் வாளியும், தூரத்து மரமும் ஒரே தடிமனில் இருக்கின்றன. அது பேனாவின் குணம். மைக்ரானில் எவ்வளவு அழுத்தினாலும் கோடு பெருக்காது, முனைதான் நசுங்கும். (அந்த 05 என்பது 0.5 மில்லிமீட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். கோடு 0.45 வரும். 01 என்றால் 0.25, 03 என்றால் 0.35, 08-தான் 0.50. எண்ணை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.) பேனா பாதிக் காரணம். மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. பென்சில் கோட்டின் மேலேயே, அது கோணிய இடத்திலெல்லாம் நீங்களும் கோணி, எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்திருக்கிறீர்கள். மெதுவாக இழுத்த கோட்டில் நாடித் துடிப்பு வரைக்கும் தெரியும். பாட்டியின் முதுகுக் கோட்டைப் பாருங்கள், ஏழெட்டு இடத்தில் நின்று நின்று போயிருக்கிறது. பென்சிலில் அந்த முதுகுக்கு நாலைந்து கோடு போட்டிருப்பீர்கள். பார்க்கிறவன் கண் அவற்றில் நல்லதை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் உயிரோடு தெரிந்தது. மை போடும்போது அந்த நாலில் எது என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்காமல் நடுவாந்திரமாக ஒன்று இழுத்தால் அது யாருடைய கோடும் இல்லை.

என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர். பட்டையைச் சீவும்போது அவர் விரலை ஆட்டி நான் பார்த்ததில்லை. உடம்பே மரத்தைச் சுற்றி நகரும், கத்தி அதன் பின்னால் போகும், சீவல் ஒரே நீளமாக விழும். நீளக் கோட்டுக்கும் அதுதான் வழி: தோள்மூட்டிலிருந்து இழுக்க வேண்டும். சின்ன வளைவுக்கு மணிக்கட்டு, கண் இமைக்கும் நகத்துக்கும் மட்டும் விரல். பேனா முனையைப் பார்க்காதீர்கள், கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். தொடுவதற்கு முன் காற்றில் இரண்டு முறை அதே வீச்சில் ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை காகிதத்தில் இறக்குங்கள். கைக்கு ஒத்துவராத கோணம் என்றால் காகிதத்தைத் திருப்புங்கள். காகிதத்தைத் திருப்பாமல் தன்னைத் திருகிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

தூரிகைக்கு வருவோம், இதில்தான் பேச நிறைய இருக்கிறது. மேல்நாட்டுச் சித்திரக்கதைக்காரர்கள் சாமி கும்பிடுவது மாதிரி சொல்லும் தூரிகை வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் சீரிஸ் 7. விக்டோரியா மகாராணிக்காக 1866-இல் செய்யச் சொன்னது, கோலின்ஸ்கி என்ற விலங்கின் வால் முடி. விலையைக் கேட்டால் தலை சுற்றும். சீனர் கடையில் எழுத்துப் பழகத் தொங்கவிட்டிருப்பார்களே, பழுப்பு முடித் தூரிகை, அதற்குச் சீன மொழியில் 'ஓநாய் முடி' என்று பெயர். ஓநாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கீரியைப் போன்ற சைபீரியப் பிராணி ஒன்றின் முடி, கோலின்ஸ்கியும் அதே பிராணிதான். முடியைத் தேர்ந்தெடுப்பதிலும் கட்டுவதிலும் தரம் வேறு, மலிவானதில் வேறு முடி கலந்திருக்கும், அதை மறுக்கவில்லை. பழகுவதற்கு அது தாராளம். வெள்ளை முடி ஆட்டு முடி, தொளதொளவென்று இருக்கும், மடங்கினால் எழும்பாது. அதை வாங்காதீர்கள். கடையிலேயே தண்ணீர் கேட்டு நனைத்து, ஒரு உதறு உதறிப் பாருங்கள். முனை ஊசியாகக் கூட வேண்டும், விரலால் சாய்த்து விட்டால் நிமிர வேண்டும். இரண்டாகப் பிரிந்து நின்றால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

மையில் முடியின் பாதிவரைக்கும்தான் முக்க வேண்டும். முடியைக் கட்டியிருக்கும் அடிப்பகுதிக்குள் மை ஏறிக் காய்ந்தால் முடி விரிந்துகொள்ளும், பிறகு அந்தத் தூரிகை விளக்குமாறுதான். முக்கியதும் ஒரு துண்டுக் காகிதத்தில் உருட்டி உருட்டி முனை கூட்டுங்கள். மெல்லத் தொட்டால் தலைமுடி அளவு, அழுத்தினால் பென்சில் தடிமன், மறுபடி எடுத்தால் காற்றில் கரைகிற நுனி. இந்த மூன்றும் ஒரே இழுப்பில் வர வேண்டும். முதல் வாரம் படமே வேண்டாம். பழைய நாளிதழில் பத்திக் கோடுகளுக்கு நடுவே மெல்லிசு, தடிப்பு, மெல்லிசு என்று போட்டுக்கொண்டே இருங்கள். தினம் இருபது நிமிடம் போதும். முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, முனையைக் கூட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சுடுதண்ணீர் கூடாது, முடியை ஒட்டியிருக்கும் பசை இளகும்.

மை வாங்கும்போது 'டக்வாட் சீனா' (மலாயில் சீன மை) என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரியும். அடிப்படையில் எல்லாம் புகைக்கரிதான். எதைக்கொண்டு கரியை ஒட்டவைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சீன மையில் பழைய முறைப்படி விலங்குப் பசை. மேல்நாட்டு 'இந்தியன் இங்க்'கில் பெரும்பாலும் அரக்கு. பெயரில்தான் இந்தியா, சரக்கு பிறந்தது சீனாவில். அரக்கு சேர்ந்தது காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது, அதன்மேல் தைரியமாக வண்ணம் பூசலாம். பள்ளிப் பிள்ளைகள் பழகும் மலிவு மை சில சமயம் கரையும். ஒரு கோடு போட்டு ஒரு நாள் விட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று: அரக்கு சேர்ந்த மையை ஊற்றுப் பேனாவில் ஊற்றாதீர்கள். உள்ளே காய்ந்தால் பேனாவுக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான்.

புட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது வருடத்துக்கு முன் ஒரு வார இதழுக்குக் கதைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டிய படம். ராத்திரி பதினொரு மணிக்கு முழங்கை பட்டுப் புட்டி சாய்ந்தது. படம், மேசை, கைலி எல்லாம் கறுப்பு. விடிய விடிய மறுபடி வரைந்தேன். அன்றிலிருந்து என் மைப் புட்டி, ரப்பர் பால் பிடிக்கும் ஒரு பழைய மங்குக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அகல வாய், கனமான அடி, சாய்ந்தாலும் மை மங்குக்குள்ளேயே நிற்கும். உங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒன்றாவது கிடக்கும், தேடிப் பாருங்கள்.

நிப் பேனாவைத் தூரிகைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரர்கள் மாங்காவுக்குப் பயன்படுத்தும் ஜி-பென் நிப் பழகுவதற்கு நல்லது, அழுத்தினால் இரண்டு கால்களும் விரிந்து கோடு பெருக்கும். மாரு பென் இன்னும் மெல்லிசு, முடிக்கும் துணி மடிப்புக்கும் ஆகும். புது நிப் மையைப் பிடிக்காமல் உருட்டிவிடும், துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு பூசி அனுப்புவதால். பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும். தீக்குச்சியில் காட்டுவார்கள் சிலர், அரை நொடிக்கு மேல் காட்டினால் எஃகின் முறுக்கு போய்விடும். நிப்பை இழுக்க மட்டும்தான் வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் காகித நாரில் மாட்டி மை தெறிக்கும். நிப்பில் இருக்கும் துளை வரைக்கும் முக்கி, புட்டி வாயில் ஒரு தட்டுத் தட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்துணியில் துடைக்க வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு நிப் ஒரே ராத்திரியில் துரு ஏறும், காயவைத்துத்தான் மூட வேண்டும்.

ரோட்ரிங் பேனாவைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தக் கம்பெனி 1953-இல் கொண்டுவந்த ரேப்பிடோகிராஃப், வரைபடக்காரர்களுக்கென்று செய்தது. கட்டங்களின் ஓரம், தண்டவாளம், ஆலைக் கூரை ஆகிய நேர்க்கோட்டு வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அடைத்துக்கொண்டால் கழற்றிக் கழுவ அரை நாள். உங்கள் மைக்ரானே அந்த வேலையைச் செய்யும், அதனால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் கோட்டு ஓரமெல்லாம் பூரான் கால் மாதிரி மை பரவியிருக்கிறது. அது போட்டோஸ்டேட் காகிதம், சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம். மழைக்காலத்தில் அது காற்றிலிருக்கும் ஈரத்தையே குடித்துவிட்டு நிற்கும், அப்புறம் மையையும் குடிக்கும். வழவழப்பான பிரிஸ்டல் அட்டை கிடைத்தால் நல்லது, ஈப்போவில் ஓவியச் சாமான் கடைகளில் கேளுங்கள். இல்லையென்றால் 180 கிராமுக்குக் குறையாத வழுவழுப்பான அட்டை. வாங்கியதைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கட்டி வையுங்கள். புதுக் காலணிப் பெட்டியில் வருவதையே போட்டு வைக்கலாம். வரையும்போது உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதம் இருக்க வேண்டும். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை பிடிக்காது.

இனிக் கறுப்பைப் பற்றி. உங்கள் இரண்டாம் பக்கத்தில் ராத்திரிக் காட்சி, ஆனால் கறுப்பே இல்லை. வானத்தில் இணைகோடு, மரத்தில் இணைகோடு, பாட்டி சேலையிலும் இணைகோடு, எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பல். துத்தநாகத் தகட்டில் கோட்டுப் படத்துக்குப் பிளாக் செய்து அச்சடித்த காலத்தில், அந்தப் படத்தில் சாம்பல் நிறமே கிடையாது. மை படும், அல்லது படாது. அந்தக் கட்டாயத்தில்தான் பழைய ஓவியர்கள் கோட்டாலேயே நிழல் காட்டக் கற்றார்கள். சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள், கல்லின் குளிர்ச்சி தெரியும். கோபுலு அதற்கு நேர் எதிர், எங்கே கோடு வேண்டாம் என்று தெரிந்தவர். இங்கே நம் பேராக்கிலேயே பிறந்த கார்ட்டூனிஸ்ட் லாட் இருக்கிறார். ஒரு கட்டத்தில் இருபது பேரை நிறுத்தினாலும் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று நம் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், மங்கலில் எது தெரிகிறதோ அதுதான் கறுப்பு வெள்ளை அமைப்பு.

ராத்திரிக் காட்சியில் முதலில் வானத்தையும் ரப்பர் மர நிரையின் உட்பக்கத்தையும் முழுக் கறுப்பாக நிரப்புங்கள். தூரிகை அதற்கென்றே பிறந்தது. லயத்து வாசல் விளக்கொளி படும் இடம் மட்டும் வெள்ளையாக நிற்கட்டும். கறுப்பிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் ஓரத்தில், தடிப்பாகத் தொடங்கி மெல்லிசாக முடியும் கோடுகளை அடுத்தடுத்து இழுத்தால் இருட்டு வெளிச்சத்தில் கரைகிற மாதிரி இருக்கும். முள்கம்பியை அந்தக் கறுப்பின்மேல் வெள்ளை ஜெல் பேனாவால் போடுங்கள், மை முழுக்கக் காய்ந்த பிறகு. கிராஸ் ஹேட்சிங், அதாவது இணைகோட்டின்மேல் குறுக்கே இணைகோடு, போடும் இடத்தில் கோடுகள் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் கொசுவலை மாதிரி இருக்கும். கொஞ்சம் சரிவாக வெட்டவிடுங்கள். தப்பை மறைக்க வெள்ளை போஸ்டர் கலர் போதும். அலுவலகத்தில் தட்டச்சுக்காரர்கள் பூசுவார்களே, அந்தத் திருத்தும் திரவத்தின்மேல் மறுபடி மை போட்டால் வழுக்கும்.

நிழல் பக்கக் கோடு தடிப்பு, வெளிச்சப் பக்கம் மெல்லிசு. கிட்டே இருப்பது தடிப்பு, தூரத்தில் இருப்பது மெல்லிசு. தடிமன் விஷயத்தில் இவ்வளவுதான் சட்டம். மர நிரைக்கு இது ஒன்றே போதும், கிட்டத்து மரத்துக்குத் தூரிகை, கடைசி வரிசைக்கு மைக்ரான். முகங்களை முதலில் முடியுங்கள். கெட்டால் ஒரு மணி நேரந்தான் நட்டம், பின்னணி முழுவதும் போட்ட பிறகு கெட்டால் ஒரு நாள். அதற்கும் முன்னால் வசனத்தை எழுதிவிடுங்கள். தமிழ்ச் சொல் நீளம், 'போய்க்கொண்டிருந்தார்களாம்' என்பதை ஒரு சின்ன வட்டத்துக்குள் அடைக்க முயன்று நானே அழுதிருக்கிறேன். எழுத்தை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, மிச்ச இடத்தில் ஆள் நிற்கட்டும்.

டேப்லெட்டுக்கு வந்தால், உங்களிடம் இருப்பதே போதும். கிருத்தா இலவச மென்பொருள், மை வேலைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. காசு கொடுக்க முடிந்தால் கிளிப் ஸ்டூடியோ. அதில் வெக்டர் லேயரில் வரைந்தால் கோட்டைப் பிறகு தடிப்பாக்கலாம், வளைக்கலாம், இரண்டு கோடு வெட்டிக்கொண்டு மிஞ்சிய வாலை ஒரே தொடலில் வெட்டிப் போடும் அழிப்பானும் உண்டு. புரோகிரியேட் ஐபேடில் மட்டும் ஓடும். எதில் வரைந்தாலும் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இருக்கும். அதை உச்சத்தில் வைக்காதீர்கள். வைத்தால் வளைவெல்லாம் வழவழவென்று ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிடும், முழங்கை முழங்கையாக இருக்காது. கால்வாசிக்கு இறக்குங்கள். பேனா அழுத்தத்துக்கான வளைகோட்டையும் உங்கள் கைக்குத் தக்கபடி மாற்றுங்கள், மெல்லத் தொடுகிற கைக்கு ஒரு மாதிரி, அமுக்குகிற கைக்கு ஒரு மாதிரி. டேப்லெட் மேல் வழுக்குகிறது என்றால் ஒரு தாளை ஒட்டிக்கொண்டு வரையலாம், பேனா முனை கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.

பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைவதுதான் கணினியில் பெரிய வியாதி. நானூறு சதவீதத்தில் கண்ணிமை எண்ணிக்கொண்டிருப்பார்கள், அச்சில் அது ஒரு புள்ளி. இருநூறைத் தாண்டாதீர்கள். கறுப்பு வெள்ளைக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் ஏ4 பக்கம் 4961-க்கு 7016 பிக்சல் வரும், பழைய கணினி முனகும், ஆனாலும் குறைக்க வேண்டாம். கையால் போட்ட பக்கத்தையும் அதே 600-இல் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசிப் படத்தில் ஒரு மூலை வெளிச்சம், ஒரு மூலை இருட்டு, அப்புறம் அதைச் சரிசெய்வதற்குள் பொழுது போய்விடும்.

இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஒரு வழி உண்டு, உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பென்சில் வேலையை டேப்லெட்டில் முடியுங்கள். கோட்டை வெளிறிய நீலமாக்கி இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அட்டையின்மேல் அச்சடித்துக்கொள்ளுங்கள். லேசர் வேண்டாம், அதன் பொடியின்மேல் மை ஒட்டாது. அந்த நீலத்தின்மேல் தூரிகையால் மை. ஸ்கேன் செய்த பிறகு நீலத்தை மட்டும் மென்பொருளில் நீக்கினால் கறுப்பு தனியே நிற்கும். பக்கம் கெட்டால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம், பயம் இருக்காது. பயமில்லாத கையில்தான் கோடு வேகமாக வரும்.

கடைசியாக, மை வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. படத்தில் கோணல் தெரிய கணினியில் இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். உங்கள் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள் போல. பாட்டி வெட்டுகிற மரத்தில் வெட்டு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குகிறது. ரப்பர் மரத்தில் பால் குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாகக் கீழே, ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்வில் இறக்கினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தவர்கூட இதைக் கண்டுபிடித்துவிடுவார். பாட்டியிடம் பக்கத்தைக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். தூரிகையில் போட்ட முதல் பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள், ஸ்கேன் செய்து.